ரெஸ்லிங் பொம்மைகளும் லயத்துக் காம்பராவும்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கங்களில் இப்போது முப்பது, நாற்பது வயதில் இருக்கும் யாரிடமாவது ‘அண்டர்டேக்கர்’ என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு ஏழு உயிர், செத்துச் செத்துப் பிழைத்தவர் என்ற கதை உடனே வந்து விழும். அந்தக் கதையை முதலில் யார் கிளப்பிவிட்டார் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் பாடசாலைக்குப் பாடசாலை, தோட்டத்துக்குத் தோட்டம் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொல்லப்பட்டது.

அதே அண்டர்டேக்கரின் நாலரை அங்குலப் பிளாஸ்டிக் உருவம் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் சில டொலருக்கு விற்கப்பட்டது. அட்டையும் பிளாஸ்டிக் மூடியும் பிரிக்கப்படாமல் இன்றுவரை ஒன்று தப்பியிருந்தால் அதன் விலை பல மடங்கு. வாங்குபவர்கள் சிறுவர்கள் அல்லர். பெரும்பாலும் நாற்பதைக் கடந்த ஆண்கள். சின்ன வயதில் உடைத்ததையும் தொலைத்ததையும், அன்றைக்கு வாங்கித்தர ஆளில்லாமல் போனதையும் இப்போது சொந்தச் சம்பளத்தில் வாங்கி அலுமாரியில் அடுக்குகிறார்கள். இதற்கென்று விலைப்பட்டியல், தரச்சான்று, கண்காட்சி எல்லாம் உண்டு.

தேயிலைத் தோட்டங்களோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ரெஸ்லிங் மலையகத்துக்கும் வந்தது. பொம்மைகளும் வந்தன, வேறு உருவத்தில். ஆனால் அவை மிஞ்சவில்லை. ஏன் மிஞ்சவில்லை என்பதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் அந்தப் பொம்மைகள் எவை, எதற்கு அவ்வளவு விலை என்பதைப் பார்த்துவிடலாம்.

இறப்பர் மல்லர்களும் பிளாஸ்டிக் மல்லர்களும்

‘பொம்மை’ என்ற சொல்லை அமெரிக்க வியாபாரிகள் வேண்டுமென்றே தவிர்த்தார்கள். 1964 இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற படைவீரன் உருவத்தைக் கொண்டுவந்தபோது, ஆண்பிள்ளைக்குப் பொம்மை வாங்கிக்கொடுக்கப் பெற்றோர் தயங்குவார்கள் என்று நினைத்து அதற்கு ‘அக்‌ஷன் ஃபிகர்’ என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரே இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. நமக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. நான் பொம்மை என்றே எழுதுகிறேன்.

மல்யுத்தப் பொம்மைகளின் முதல் பெரிய வரிசை 1984 இல் வந்தது. வெளியிட்டது எல்.ஜே.என். என்ற அமெரிக்க நிறுவனம். அப்போதுதான் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த மேடையிலிருந்து தொலைக்காட்சி வியாபாரமாக வளர்ந்துகொண்டிருந்தது. முதல் ரெஸ்ல்மேனியா 1985 மார்ச் 31 இல் நடந்தது. எல்.ஜே.என். பொம்மைகள் சுமார் எட்டு அங்குலம். முழுக்க முழுக்க இறப்பர் கட்டி. கை மடங்காது, கால் திரும்பாது. ஹல்க் ஹோகன், ஆன்ட்ரே த ஜயன்ட், ரொடி பைப்பர், அயன் ஷேக், நிக்கொலாய் வொல்கொஃப் எல்லாம் முதல் தொகுதியிலேயே வந்துவிட்டார்கள். கையிலெடுத்தால் கனம் தெரியும். தம்பி தலையில் எறிந்தால் தம்பிக்கும் தெரியும். கட்டியான இறப்பர் என்பதால் அவை உடைவது அரிது. ஆனால் மேலே பூசிய நிறம் நிற்காது. மூக்கு நுனி, முழங்கை, விரல் மொட்டு, சப்பாத்து முனை என்று உரசும் இடமெல்லாம் உரிந்துவிடும். அதனால் இந்த வரிசையைச் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். 1989 இல் கடைசித் தொகுதி கறுப்பு அட்டையில் கனடாவில் கிராண்ட் டோய்ஸ் என்ற நிறுவனத்தின் பெயரில் வந்தது. குறைந்த அளவில் வந்ததால் இன்று அதற்குத்தான் போட்டி அதிகம். 1983க்குப் பின் கனடா போன குடும்பங்களில் அந்த நேரம் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இதைப் படித்தால், நிலவறையில் கிடக்கும் பழைய பெட்டிகளை ஒருமுறை கிளறிப் பார்ப்பது வீண்போகாது.

1990 இல் உரிமை ஹாஸ்ப்ரோவுக்குப் போனது. சேகரிப்பு உலகில் அதிகம் பேசப்படுவது 1994 வரை வந்த இந்த வரிசைதான். உயரம் நாலரை அங்குலம். பொருள் கடினமான பிளாஸ்டிக். உள்ளே ஒரு சிறிய சுருள்வில். கையைப் பின்னால் இழுத்து விட்டால் குத்தும். இடுப்பை முறுக்கி விட்டால் சுழன்று அடிக்கும். சிலதைக் கீழே அமுக்கிப் பிடித்து விட்டால் துள்ளும். சண்டை பிடிக்கத் தெரிந்த பொம்மை. நிறமும் முகபாவமும் கேலிச்சித்திரம் போல மிகையாக இருக்கும். என் பார்வையில், பின்னால் வந்த அச்சு அசலான பொம்மைகள் எதற்கும் இந்தக் கலகலப்பு இல்லை.

ஹாஸ்ப்ரோ பொம்மைகளின் விலை எப்படித் தீர்மானமாகிறது என்பது சுவையான விடயம். வீரரின் புகழுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஹோகன் புகழின் உச்சியில் இருந்தார். அதனாலேயே லட்சக்கணக்கில் அச்சு வார்த்தார்கள். அதனாலேயே பெட்டியில்லாத ஹோகன் இன்று மலிவு. 1994 இல் விற்பனை மங்கிய நேரத்தில் பச்சை அட்டையில் வந்த கடைசித் தொகுதி கொஞ்சமாகத்தான் கடைகளை எட்டியது. அதில் ஒன்-டூ-த்ரீ கிட் என்ற ஒல்லியான இளம் வீரரின் பொம்மைக்கு இன்று ஹோகனுக்குக் கிடைக்காத விலை. அட்டையின் பின்பக்கத்திலிருந்து அத்தாட்சித் துண்டை வெட்டி அனுப்பினால் தபாலில் மட்டும் கிடைக்கும் பொம்மைகளும் இருந்தன. அதனால் பல அட்டைகள் மூலை வெட்டுப்பட்டவை. வெட்டுப்படாத அட்டைக்கு ஒரு விலை, வெட்டுப்பட்டதற்கு இன்னொரு விலை.

எல்லாவற்றிலும் பிரபலமான அரிய பொருள் கமாலாவின் பொம்மை. கடைக்கு வந்த கமாலாவின் வயிற்றில் நட்சத்திரம் வரையப்பட்டிருக்கும். விற்பனைக்கு முன் செய்த மாதிரிகளில் பிறை நிலா இருந்தது. அந்தப் பிறை நிலா வயிறு ஒன்று வெளியே வந்தால் சேகரிப்பாளர்கள் தூக்கத்தை விட்டுவிடுவார்கள்.

கமாலா ‘உகாண்டா இராட்சதன்’ என்று அறிமுகப்படுத்தப்பட்டவர். உண்மையில் அவர் ஜேம்ஸ் ஹாரிஸ். மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பு அமெரிக்கர். உகாண்டாவுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்தப் பொம்மைகளை வரிசையாக அடுக்கினால் அந்தக் காலத்து அமெரிக்கக் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிந்தது என்பதும் வரிசையாக நிற்கும். ஈரான்காரர் வில்லன். ரஷ்யர் வில்லன், அந்த ‘ரஷ்யர்’ வொல்கொஃப் பிறந்தது யூகோஸ்லாவியாவில். ஆபிரிக்கர் காட்டுவாசி. ஒரு இனத்தையே ஒற்றை முகமூடிக்குள் அடைத்து வைப்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1990களின் நடுப்பகுதியில் உரிமை ஜக்ஸ் பசிபிக் நிறுவனத்துக்குப் போனது. 2009 வரை அவர்கள், 2010 முதல் மட்டெல். இவற்றின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால் சேகரிப்பாளர்கள் இன்னும் ‘பழசு’ என்று முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை. தெற்காசியருக்கு இந்தக் காலத்தில் ஒரு முக்கியமான முகம் உண்டு: 2006 இல் மேடைக்கு வந்து 2007 ஜூலையில் உலகப் பட்டம் வென்ற த கிரேட் காலி. இயற்பெயர் தலிப் சிங் ராணா. இமாச்சலப் பிரதேசத்தின் மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் சிறுவயதிலேயே மரக்கன்று நடும் நாட்கூலி வேலைக்குப் போனதாகத் தன் வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார். நாட்கூலிக்குக் கன்று நட்ட ஒரு மலைநாட்டுப் பையன் பின்னாளில் பிளாஸ்டிக் பொம்மையாகிப் பெட்டிக்குள் நின்றான் என்பதைக் கொழுந்து மலையில் இருந்து கேட்கும்போது கொஞ்சம் வேறு மாதிரித்தான் இருக்கிறது.

மலை உச்சியில் அலைக்கம்பம், அடிவாரத்தில் குப்பி விளக்கு

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் பிரதான அலைபரப்பு நிலையம் பிதுருதலாகலை உச்சியில். 2,524 மீற்றர் உயரம். இலங்கையின் மிக உயர்ந்த மலை. நுவரெலியா நகரத்துக்கு நேர் மேலே நிற்பது. நாட்டின் பெரும்பகுதிக்குப் படம் அந்த மலையிலிருந்து போனது. மலையைச் சுற்றியிருந்த தோட்டங்களிலோ பல லயங்களில் மின்சாரமே இல்லை. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான்.

ஆனாலும் ரெஸ்லிங் வந்தது. கார் பற்றரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று ஒரு லயத்தில் இருந்தால் போதும், அடுத்த நான்கு லயத்துப் பிள்ளைகளும் அந்த வாசலில் இருப்பார்கள். பற்றரியைச் சார்ஜ் பண்ண டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். படம் நடுவில் மங்கத் தொடங்கினால் ஒலியைக் குறைத்துப் படத்தைக் காப்பாற்றுவார்கள். 1990களில் மின்சாரம் மெல்ல மெல்ல வந்த பிறகு நிலைமை மாறியது. முந்தைய தலைமுறைக்குப் பலசாலி என்றால் தாராசிங், கிங்கொங். ‘பெரிய தாராசிங்னு நெனப்பு’ என்று திட்டுவதை நான் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். எங்கள் தலைமுறைக்கு அண்டர்டேக்கர், ரொக், ஸ்டோன் கோல்ட்.

இதை வடக்கிலிருந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஹாஸ்ப்ரோ பொம்மைகள் உலகக் கடைகளில் விற்ற 1990–1994 காலம், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோன காலம். பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். அங்கே ஹல்க் ஹோகன் யாரென்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கலாம். ஒரே நாட்டின் தமிழ்ப் பிள்ளைகள்தான். ஒரு பக்கம் வறுமை மறைத்தது, மறுபக்கம் யுத்தம் மறைத்தது.

எங்களுக்குப் பொம்மைக்கு முன்னால் வந்தது கார்ட். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வீரரின் படம், உயரம், நிறை, மார்பளவு, கைத்தசை அளவு, வென்ற சண்டைகள். இரண்டு பேர் அட்டையைப் பிரித்துக்கொண்டு ஓர் அளவைக் கூவ வேண்டும். பெரிய எண் வைத்திருப்பவனுக்கு மற்றவனின் அட்டை. ஆசிரியர் எத்தனை முறை பிடுங்கினாலும் அடுத்த வாரம் வேறொரு கட்டு வரும். ‘ஹைட்’, ‘வெயிட்’, ‘ரேங்க்’ என்ற ஆங்கிலச் சொற்களைப் பாடப்புத்தகத்துக்கு முன் இந்த அட்டைகளில்தான் படித்தோம் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பொம்மைகள் திருவிழாக் கடைகளில் வந்தன. சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை நீடிக்கும். நல்லதண்ணியிலிருந்து மலையேறும் பாதையின் இரு பக்கமும் கம்பளித் தொப்பி, தொதல், மஸ்கட், பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் என்று கடைகள். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டம். பிறகு டவுன் கோயில் தேர்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வரும் கிழமை. பொம்மை வாங்கக் கூடிய நாட்கள் வருடத்தில் இவ்வளவுதான். வளைகுடா நாட்டில் வீட்டுவேலைக்குப் போன அம்மா அனுப்பும் பெட்டியில் ஒன்று வந்தால் அது தனிக்கதை.

கடையில் வந்தவை அசல் அல்ல. உள்ளே வெற்றிடம் விட்டு ஊதி வார்த்த மெல்லிய பிளாஸ்டிக். எல்லா வீரருக்கும் ஒரே உடம்பு, தலை மட்டும் மாறும். பட்டத்துப் பட்டி ஒரு ஸ்டிக்கர். எனக்குக் கிடைத்ததற்கு ஹோகனின் மஞ்சள் காற்சட்டை. தலை யாருடையது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. நாங்கள் அவனை அண்டர்டேக்கர் என்றே வைத்துக்கொண்டோம். ஒரு மழைக்காலத்துக்குள் வலது கை போனது. பிறகு அவன் ஒற்றைக் கையோடு சண்டை பிடித்தான். தங்கச்சியிடம் போனான். பக்கத்துக் காம்பராப் பையனிடம் போனான். அதற்குப் பிறகு தெரியாது.

‘போலி’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். மெக்சிக்கோவில் முகமூடி மல்லர்களின் மலிவான பிளாஸ்டிக் உருவங்கள் சந்தைகளில் குவித்து விற்கப்பட்டவை. ஒரே நிலையில் நிற்பவை. கைவேலையாகப் பூசிய நிறம். இன்று அவற்றையே நாட்டார் கலைப்பொருள் போலத் தேடிச் சேகரிக்கிறார்கள். இந்தியாவில் டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப். ஹாஸ்ப்ரோவுடன் சேர்ந்து தொடங்கிய ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ பொம்மைகளை உள்நாட்டிலேயே வார்த்தது. அமெரிக்க அசலிலிருந்து நிறமும் பாகங்களும் மாறியிருக்கும். அந்த மாற்றத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். (எம்.ஆர்.எஃப். 1946 இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத்தான் தொடங்கியது. விளையாட்டுச் சாமானில் தொடங்கி டயர் வழியாக மறுபடி விளையாட்டுச் சாமானுக்கே வந்திருக்கிறது.) நல்லதண்ணிக் கடைப் பொம்மைக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். ஒன்றாவது மிஞ்சியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வைக்க இடம்

அமெரிக்க, ஐரோப்பியச் சேகரிப்புகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் பதில் எப்போதும் ஒன்றுதான்: அப்பா வீட்டுப் பரண், கராஜ், நிலவறை. பிள்ளை வளர்ந்து வீட்டைவிட்டுப் போனபின் அம்மா அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்து வைத்தது. இருபது வருடம் யாரும் தொடாமல் கிடந்தது. அதாவது, உபயோகமில்லாத ஒரு பொருளை இருபது வருடம் வைத்திருக்கும் அளவுக்கு ஓர் இடம், அந்த இருபது வருடமும் அதே குடும்பத்திடம் இருந்தது. பழைய பொம்மைக்குக் கொடுக்கும் விலையில் பாதி அந்த இடத்துக்குக் கொடுக்கும் விலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

லயத்துக் காம்பரா ஒன்று பொதுவாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள் சமையல், படுக்கை, விறகு, பள்ளிப் புத்தகம், சாமிப்படம், பல வீடுகளில் மூன்று தலைமுறை. அங்கே ‘எடுத்து வைப்பது’ என்ற செயலுக்கே இடமில்லை. ஒரு பொம்மை மூத்தவனிடமிருந்து இளையவளுக்கு, அங்கிருந்து சித்தி மகனுக்கு, பிறகு அடுத்த வீட்டுக்கு என்று கைமாறிக் கைமாறித் தேய்ந்து இல்லாமல் போகும். அது கவனக்குறைவு அல்ல. அந்தப் பொம்மை கொடுக்கக்கூடிய விளையாட்டை முழுதாக வாங்கிக்கொண்டார்கள். சேகரிப்பாளர் கண்ணுக்கு அது நட்டம். பிள்ளைகள் கண்ணுக்கு நட்டமில்லை.

காம்பராவும் நிலையானது அல்ல. வீடு தோட்டத்துடையது, அதில் வேலை செய்யும்வரை இருக்கலாம். 1948 இல் குடியுரிமை போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எண் குறித்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் பாத்திரமும் துணியும் அடுக்கியபின் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கு எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கும்? 1977, 1981, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் இன்னொரு முறை பூச்சியத்திலிருந்து தொடங்கினார்கள். அவர்களில் பலர் 2009 வரை எத்தனை தடவை எழும்பி ஓடினார்கள் என்பது இந்தத் தளத்தைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களின் பைகளிலும் அதே கணக்குத்தான்.

யுத்தம் இல்லாத மலையிலும் வீடுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசை முழுக்க எரியும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு மலைநாட்டில் மறுபடி மண்சரிவுகள். காணாமல்போன பொருட்களின் பட்டியலை அரசாங்கம் எடுக்கும்போது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை உபகரணம் இருக்கும். பொம்மை இருக்காது. இருக்க வேண்டும் என்றும் நான் வாதாடவில்லை. ஆனால் நாற்பது வயதில் ஒருவர் தன் சிறுபராயத்தைக் கையிலெடுத்துக் காட்ட முடியுமா, முடியாதா என்பது இப்படித்தான் தீர்மானமாகிறது.

தோட்டப் புறங்களில் இப்போது தனி வீடுகள் எழும்புகின்றன. இந்திய உதவியில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியும் வேலையின் வேகமும் தனியே எழுத வேண்டிய விடயம். அந்த வீடுகளுக்குள் போனால் முன்னறையில் பல இடங்களில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கும். கோப்பை, பட்டமளிப்புப் படம், மூலையில் ஒரு பொம்மைக் கார். எடுத்து வைக்கும் பழக்கம் அந்த அலுமாரியில்தான் தொடங்குகிறது.

மிஞ்சியது இருந்தால்

பரணிலோ பழைய தகரப் பெட்டியிலோ ஒரு மல்லன் கிடைத்தால் முதலில் முதுகையும் காலின் பின்பக்கத்தையும் பாருங்கள். அசல் எல்.ஜே.என்., ஹாஸ்ப்ரோ பொம்மைகளில் ‘டைட்டன் ஸ்போர்ட்ஸ்’ என்ற பெயரும் ஓர் ஆண்டும் சிறிய ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தின் அப்போதைய சட்டப் பெயர் அது. அங்கே உள்ள ஆண்டு பதிப்புரிமை ஆண்டு. வார்த்த ஆண்டு அல்ல. அட்டையோ பெட்டியோ இருந்து அதில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று இருந்தால் பொதுவாக 2002 மேக்கு முந்தியது. அந்த மாதம்தான் உலக வனவிலங்கு நிதியத்தோடு இருந்த வழக்கால் பெயர் டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஆனது. எந்த எழுத்தும் இல்லாவிட்டால் அது நம்முடைய திருவிழாக் கடைப் பொம்மையாக இருக்கலாம்.

மலைநாட்டுக் காலநிலை பாதி நண்பன், பாதி எதிரி. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் வெளியே கசிந்து பொம்மையைப் பிசுபிசுப்பாக்கும். வெக்கையில் அது வேகமாக நடக்கும். நுவரெலியாக் குளிரில் மெதுவாக நடக்கும். ஆனால் ஈரப்பதம் அட்டையைப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும், உள்ளிருக்கும் சுருள்வில்லைத் துருப்பிடிக்க வைக்கும். விறகு அடுப்புப் புகை எல்லாவற்றிலும் ஒரு பழுப்புப் படலமாக ஒட்டும். மெல்லிய சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் அந்தப் படலம் போகும். ஹாஸ்ப்ரோ பொம்மையைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டாம். நீர் உள்ளே போனால் வில் துருவேறும். எல்.ஜே.என். பொம்மையைத் தேய்க்கவே வேண்டாம், நிறம் கையோடு வந்துவிடும். மஞ்சளித்த வெள்ளையை இரசாயனம் போட்டு வெளுப்பாக்கும் முறைகளும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சில வருடத்தில் மஞ்சள் திரும்ப வருகிறது. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறிய பொட்டலங்களைச் சேர்த்து, மூடியுள்ள டப்பாவில், யன்னல் வெயில் படாமல் வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். சாதாரணமாகக் கிடைக்கும் பெட்டியில்லாத ஹாஸ்ப்ரோ ஒன்று பத்து, இருபது டொலருக்குள் கிடைக்கும். தபால் செலவும் சுங்கமும் பல வேளை பொம்மையைவிட அதிகம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அட்டையோடு உள்ளவற்றில் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றித் திரும்ப ஒட்டிய ஏமாற்றும் நடக்கிறது. மூடியின் ஓரத்தில் பசை மினுங்கினால் விட்டுவிடுங்கள்.

விலைக்காக அல்லாமல் பேணுவதற்கும் வழி இருக்கிறது. கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்திலேயே 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. தொழிலாளர் புழங்கிய கருவிகள், பாத்திரங்கள், பத்திரங்கள் அங்கே பொருளாகவும் சாட்சியாகவும் நிற்கின்றன. பெரியவர்களின் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் பக்கத்தில் பிள்ளைகளின் பொருளும் நிற்கலாம். பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவர்களும் அந்த வரலாற்றில் இருந்தவர்கள்தான்.

கொடுத்தாலும் சரி, வீட்டிலேயே வைத்தாலும் சரி, ஒரு சின்னத் தாளில் ஆறு விடயம் எழுதிப் பொம்மையோடு போடுங்கள்: எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த வருடம், எந்தக் கடை, யார் காசில் வாங்கியது, அவனுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருந்தீர்கள். கை, கால் கழன்றிருந்தால் பசை போட்டு ஒட்ட வேண்டாம். கழன்ற கை கிடைத்தால் அதையும் அதே பையில் போட்டு வையுங்கள்.